ஈய எழுத்து

உள்ளங்கை இரண்டும் முன்னே தெரிய
நேராக நிற்கிற ஒரு மனிதப் படம்.
பாடம் அங்கேதான் தொடங்கியது.
உடம்பின் திசை எல்லாம் அந்த நிலையை வைத்துத்தான்.
அப்படி நிற்கிறவரை
நான் பார்த்தது வெள்ளகோவில் பஸ் நிலையத்தில்,
கண்டக்டரிடம் சில்லறை இல்லை என்று
கையை விரிக்கும்போது.

நடுக்கோட்டை ஒட்டினால் மீடியல்.
விலகினால் லேட்டரல்.
தோளுக்குக் கிட்டே ப்ராக்ஸிமல்,
விரல் நுனிப் பக்கம் டிஸ்டல்.
மல்லாந்தால் சுபைன், குப்புறக் கிடந்தால் ப்ரோன்.
இடது என்றால் எப்போதும்
படுத்திருப்பவரின் இடது.
என் இடது எந்தக் கணக்கிலும் வராது.

சேர்ந்த வருஷம் அதை மறந்து
ஈயத்தில் வார்த்த எழுத்தை மாற்றி வைத்தேன்.
நல்ல முழங்காலுக்கு
மாவுக்கட்டுக் கரைத்துவிட்டார்கள்.
நோயாளி கத்தியதால் பிழைத்தேன்.
இப்போதெல்லாம் எழுத்தை வைக்கும் முன்
அந்தப் பக்கத்தை ஒருதரம் தொட்டுக்கொள்வேன்.

சென்னியப்பன் வந்தது செவ்வாய் மத்தியானம்.
மூலனூர்ப் பக்கம்.
முருங்கைக் கொம்பு முறிந்து விழுந்திருக்கிறார்.
முறிகிற மரம் என்று தெரியாதவரில்லை,
கிலோ நூறைத் தாண்டிய வாரம் அது.

வாசற்படியில் நின்றிருந்தார்.
எந்தத் தோள்ங்க, என்றேன்.
"தெக்காலத் தோள்ங்."
இடதா வலதா?
சோறு தின்கிற கை எதுவென்று
கொஞ்சம் யோசித்தார்.
வீங்கியிருந்தது இடது. எழுதிக்கொண்டேன்.

மேஜையில் ஏறச் சொன்னால் ஏறவில்லை.
"வடக்க தல வெச்சுப் படுக்கமாட்டனுங் அம்மிணி."
அறைக்குச் சன்னல் கிடையாது.
நான்கு சுவரிலும் ஈயத் தகடு.
எட்டு வருஷம் இதற்குள் நிற்கிறேன்,
வடக்கு எதுவென்று நான் கேட்டதில்லை.
எப்படித் தெரியும் உங்களுக்கு?
"மேக்க பாத்து வந்தம், வடக்க திரும்புனம்,
தலகாணி அந்தக் கடேசில கெடக்குது.
அப்பறமென்னங்?"

வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள்.
தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டேன்.
குழாய் முனகிக்கொண்டு மறுகோடிக்கு நகர்ந்தது.
அவர் பல்லைக் கடித்து மல்லாந்தார்.
"இப்ப மேக்கால வலிக்குதுங்" என்றார்,
குறையாக அல்ல, தகவலாக.
வீக்கத்துக்குப் பக்கத்தில் தொட்டேன்.
எழுத்தை வைத்தேன்.
வெளிச்சத்தின் சிலுவை தோளில் விழுந்தது.
மூச்சை நிறுத்துங்க.
விடுங்க.

காறை எலும்பு,
லேட்டரல் பக்கத்தில்,
பிட்டுப்போட்ட முருங்கைக்காய் மாதிரி
நார் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது.

எட்டிப் பார்த்தார் மானிட்டரை.
"இந்த ஆளு எந்தப் பக்கட்டு பாத்து நிக்கறானுங்?"
எந்தப் பரீட்சையிலும் வராத கேள்வி.
நம்மைப் பார்த்துங்க, என்றேன்.
மானிட்டர் மேற்குச் சுவரில் இருக்கிறதாம்,
அவரே கணக்குப் போட்டார்.
"அப்ப கெழக்க பாத்து நிக்கறான்.
இவனுக்கு வடக்கால ஒடஞ்சிருக்குதுங்."
சரியாகத்தான் வந்தது.
தெற்கே வலித்து மேற்கே படுத்து
வடக்கே உடைந்த அதே தோள்.
படத்தின் ஓரத்தில்
வெள்ளையாய் ஒரு எல்.

கையைத் தூளியில் மாட்டிக்கொண்டு
"போயிட்டு வர்றனுங்" என்று கிளம்பினார்.
மிச்சக் காய் மரத்திலேயே கிடக்கிறது என்பதுதான்
அவருடைய வெசனம்.

ஆறு மணிக்குக் காங்கயம் பஸ்ஸில் ஏறினேன்.
வெயில் நேர் முகத்தில்.
அப்போ என் இடது தெற்கு.
வளைவில் பஸ் திரும்பியது,
வெயில் நகர்ந்து வலது தோளுக்கு வந்தது.
கெழக்கால, என்று
வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல.
பக்கத்துச் சீட்டில் பூக்கூடை வைத்திருந்த பெண்
"என்னங்க கெழக்கால?" என்றாள்.

தோளுங்க, என்றேன்.